கோப்பு திறக்கவில்லையா? குற்றவாளி யார்?



தருமபுரியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள் ஒரு விடுமுறை நாளில் அவசியம் போய்வாருங்கள். அங்கே வரிசையாக நடுகற்கள் நிற்கின்றன. கையில் வில்லோ வாளோ ஏந்திய வீரனின் உருவம், அதைச் சுற்றிச் சில வரிகள் எழுத்து. ஆநிரையை மீட்கப் போராடி மடிந்தவன், புலியோடு பொருது மாண்டவன் என்று அந்த வரிகள் செய்தி சொல்கின்றன. ஆனால் நீங்களும் நானும் அவற்றைப் படிக்க முயன்றால் வளைவும் நெளிவுமாகக் கீறல்கள்தாம் தெரியும். ஏனென்றால் பழைய கற்கள் பலவற்றில் இருப்பது வட்டெழுத்து. மொழி தமிழ்தான், எழுத்துதான் நாம் பள்ளியில் கற்றதல்ல.

இப்போது ஒரு கேள்வி. அந்தக் கல் கெட்டுப் போய்விட்டதா? இல்லை. எழுத்து அழிந்துவிட்டதா? அதுவும் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நின்ற பிறகும் செய்தி அப்படியே இருக்கிறது. இந்த வளைவு 'க', அந்தச் சுழி 'வ' என்று சொல்லும் அட்டவணை நம் மனத்தில் இல்லை, அவ்வளவுதான். அட்டவணை தெரிந்த கல்வெட்டு அறிஞர் ஒருவர் வந்தால், நாளிதழ் படிப்பதைப் போல் படித்துவிடுவார்.

மின்னஞ்சலில் வந்த கோப்பு திறக்காமல் உங்களைத் திணற அடிக்கும்போது இந்தக் கல்லை நினைத்துக் கொள்ளுங்கள். பெரும்பாலான நேரங்களில் நடப்பது இதுவேதான்.

அரூருக்குப் பக்கத்துக் கிராமத்து மாணவி ஒருத்தி என்று வைத்துக் கொள்வோம். ஏதோ ஒரு போட்டித் தேர்வுக்கான விண்ணப்பப் படிவம் மின்னஞ்சலில் வந்திருக்கிறது. வீட்டில் இருக்கும் கைப்பேசியில் அது திறக்கவில்லை. பஸ் ஏறி அரூருக்கு வந்து, கம்ப்யூட்டர் சென்டரில் உட்காருகிறாள். "அண்ணா, ஃபைலைத் திறந்தா ஏதோ இங்கிலீஷ் எழுத்தா வருதுண்ணா" என்கிறாள். "வைரஸா இருக்கும் பாப்பா, மறுபடி அனுப்பச் சொல்லு" என்று பதில் வருகிறது. மறுபடி அனுப்பச் சொல்கிறாள். அதே கோப்பு மறுபடி வருகிறது. அதே இங்கிலீஷ் எழுத்து. கடைசி நாள் நெருங்குகிறது. பஸ் கட்டணமும் அரை நாள் பள்ளியும் போனதுதான் மிச்சம்.

இந்தக் கதையில் குற்றவாளி யார்? கம்ப்யூட்டரா, வைரஸா, அந்த மாணவியா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குற்றம், பெரும்பாலும், அனுப்பியவருடையது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க, கோப்பு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, படம் தெரியாது, பாட்டும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் ஒன்றே. எந்தக் கோப்பை எடுத்துக் கொண்டாலும் அது 0 முதல் 255 வரையிலான எண்களின் நீண்ட வரிசைதான். அந்த ஒவ்வொரு எண்ணுக்கும் பைட் என்று பெயர். 65 என்ற எண்ணை எழுத்து என்று எடுத்துக் கொண்டால் ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்து; படத்தின் ஒரு புள்ளி என்று எடுத்துக் கொண்டால் மங்கலான சாம்பல் நிறம். எப்படி எடுத்துக் கொள்வது என்பது எண்ணில் இல்லை, படிக்கும் மென்பொருளின் அட்டவணையில் இருக்கிறது. ஆகவே 'கோப்பு திறக்கவில்லை' என்பதற்குப் பொருள், எழுதியவர் ஓர் அட்டவணையும் படிப்பவர் வேறோர் அட்டவணையும் வைத்திருக்கிறார்கள் என்பதே.

எந்த அட்டவணை என்று கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? விண்டோஸ் கம்ப்யூட்டர் பெயரின் வாலைப் பார்க்கிறது. கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பிறகு வரும் இரண்டு மூன்று எழுத்துகள்தாம் வால். பி.டி.எஃப். என்றிருந்தால் ஒரு மென்பொருளை அழைக்கும், ஜே.பி.ஜி. என்றிருந்தால் இன்னொன்றை. வால் அறுந்து போனாலோ, யாரோ மாற்றி எழுதிவிட்டாலோ அது தடுமாறிப் போகும். ஆனால் பல கோப்புகளுக்குப் பெயரில் மட்டுமல்ல, உள்ளேயும் ஓர் அடையாளம் உண்டு. பி.டி.எஃப். கோப்பின் முதல் நான்கு பைட்டுகள் எப்போதும் 37, 80, 68, 70. அதாவது ஒரு விழுக்காட்டுக் குறியும், அதையடுத்து பி, டி, எஃப் என்ற எழுத்துகளும். ஜே.பி.ஜி. படம் 255, 216, 255 என்று தொடங்கும். ஜிப் என்னும் சுருக்கிய மூட்டை 80, 75 என்று தொடங்கும். அவை பி, கே என்ற இரண்டு எழுத்துகள். அந்த மூட்டை முறையை 1989-இல் உருவாக்கிய அமெரிக்கர் ஃபில் காட்ஸ் தம் பெயரின் முதலெழுத்துகளை அங்கே பதித்து வைத்தார். இன்றைக்கும் உலகில் ஒவ்வொரு ஜிப் கோப்பும் அவர் கையெழுத்தோடு நடமாடுகிறது!

திறக்காத கோப்பு ஒன்று கிடைத்தால் அதை நோட்பேடில் திறந்து முதல் வரியை மட்டும் பாருங்கள். மீதி எல்லாம் கிறுக்கலாக இருக்கும், கவலை வேண்டாம். முதல் வரியில் பி.டி.எஃப். என்று இருந்து, பெயரின் வால் வேறாக இருந்தால், நோய் தெரிந்துவிட்டது. பெயரை மாற்றினால் போதும்.

வேர்டு கோப்புகளில் ஒரு தனித் தொல்லை உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2007-இல் தன் அலுவலக மென்பொருளின் கோப்பு முறையையே மாற்றியது. பழைய கோப்பின் வால் டி.ஓ.சி.; புதியதில் கூடவே ஓர் எக்ஸ். பழைய மென்பொருள் வைத்திருந்தவர்களால் புதியதைத் திறக்க முடியவில்லை. கைப்பேசிப் படங்களிலும் இதே கதை நடந்தது. 2017 முதல் ஐபோன்கள் 'ஹைக்' என்னும் புதிய முறையில் படங்களைச் சேமிக்கத் தொடங்கின. பள்ளியின் பழைய கம்ப்யூட்டர் அவற்றைப் பார்த்து விழிக்கிறது. கோப்பில் குறையில்லை, கம்ப்யூட்டரிலும் குறையில்லை. அட்டவணை மட்டும் வந்து சேரவில்லை.

சரி, வழியில் கெட்டுப் போகவே போகாதா என்று கேட்பீர்கள். போகும். அதற்கு மின்னஞ்சல் இணைப்பைச் சுமந்து செல்லும் விதம் தெரிய வேண்டும். அது சுவையான விஷயம்.

மின்னஞ்சல் முதலில் வெறும் எழுத்துக்காகவே பிறந்தது. 1971-இல் ரே டாம்லின்சன் ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பிக் காட்டியபோது, 128 குறிகளைக் கொண்ட ஆங்கில அட்டவணையே போதுமானதாக இருந்தது. படமோ பாட்டோ அனுப்ப உலகம் முழுவதும் பொதுவாக ஒத்துக் கொண்ட வழி இல்லை. அந்த வழியை வகுத்தவர்கள் நதானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்னும் இருவர். 1992 மார்ச் 11-ஆம் நாள் போரன்ஸ்டைன் தம் பாட்டுக் குழுவின் படத்தையும், அவர்கள் பாடிய பாட்டையும் ஒரு மின்னஞ்சலோடு சேர்த்து அனுப்பினார். இன்று நாம் இணைப்பு என்று சொல்வதற்கு அதுவே முன்னோடி. அதே ஆண்டு ஜூனில் 'மைம்' என்னும் அந்த விதிமுறை வெளியிடப்பட்டது.

ஆனால் பாதையோ குறுகலான பாதை. பழைய அஞ்சல் கணிப்பொறிகள் பல ஒரு பைட்டில் உள்ள 8 பிட்டுகளில் 7-ஐ மட்டுமே பத்திரமாகக் கொண்டு சேர்க்கும். 255 போன்ற பெரிய எண்கள் வழியில் சிதைந்துவிடும். என்ன செய்வது? நம் மாவட்டத்துக் கேழ்வரகை வைத்தே சொல்கிறேன். ஒவ்வொன்றும் 8 படி கொண்ட 3 மூட்டைகள் இருக்கின்றன. வண்டிக்காரர் 8 படி மூட்டையை ஏற்ற மாட்டேன் என்கிறார். 3 மூட்டையையும் கொட்டி, 6 படி கொண்ட 4 மூட்டைகளாகக் கட்டிவிடுங்கள். அப்போதும் 24 படி, இப்போதும் 24 படி. ஒரு மணியும் குறையவில்லை. ஆனால் வண்டியில் 3 இடத்துக்குப் பதில் 4 இடம் பிடிக்கிறது. மின்னஞ்சலும் இதையே செய்கிறது. 3 பைட்டுகளின் 24 பிட்டுகளை ஆறாறாகப் பிரித்து, 64 எளிய குறிகளில் ஒவ்வொன்றாக எழுதி அனுப்புகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண்கள் 10, இன்னும் இரண்டு குறிகள். கூட்டிப் பாருங்கள், 64 வரும். இதன் பெயர் 'பேஸ் 64'. 18 மெகாபைட் கோப்பு வழியில் 24 மெகாபைட்டாக வீங்குவது இதனால்தான்.

அந்தப் பக்கத்தில் மூட்டைகளைப் பிரித்து மறுபடி மூன்றாகக் கட்ட வேண்டும். சிக்னல் விட்டு விட்டு வரும் மலையூர்களில் இறக்கம் பாதியில் நின்று போனால், மூட்டைகள் சில வந்து சேராது, கோப்பு திறக்காது. கண்டுபிடிப்பது எளிது. மின்னஞ்சலில் அந்தக் கோப்பின் அளவு போட்டிருக்கும். இறங்கிய கோப்பின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்தால் மறுபடி இறக்குங்கள். 'மறுபடி அனுப்பச் சொல்லு' என்ற ஆலோசனைக்கு முன்னால் 'மறுபடி இறக்கிப் பார்' என்ற ஆலோசனை வர வேண்டும். செலவு குறைவு.

இன்னொன்று, பூட்டிய கோப்பு. ஆதார் அட்டையின் பி.டி.எஃப். கோப்பை இறக்கியவர்கள் அறிவார்கள். திறந்தால் கடவுச்சொல் கேட்கும். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதை அடுத்துப் பிறந்த ஆண்டு, இதுதான் அந்தச் சொல். இதைத் தெரிந்து கொள்ளாமல் 'கோப்பு கெட்டுவிட்டது' என்று விட்டவர்கள் உண்டு. இதில் குறையொன்றும் இல்லை, பூட்டு இருப்பது நம் பாதுகாப்புக்கே. சாவியை எங்கே வைத்திருக்கிறோம் என்று தெளிவாகச் சொல்லாதிருப்பதுதான் குறை.

இனி, அரூர் மாணவி கண்ட இங்கிலீஷ் எழுத்துக்கு வருவோம். இது தமிழர்களுக்கே உரிய தனி நோய். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

'தமிழ்' என்று எழுதிய ஒரு கோப்பைத் திறக்கிறீர்கள். திரையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தெரிகின்றன. வைரஸ் அல்ல, பாமினி! பாமினி என்பது ஓர் எழுத்துரு. கம்ப்யூட்டரில் தமிழுக்கு இடமே இல்லாத காலத்தில் நம்மவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்து 'ஜே'க்கு எண் 106. அந்த எண் வந்தால் 'ஜே' வடிவத்தைக் காட்டாமல் 'த' வடிவத்தைக் காட்டும்படி ஓர் எழுத்துருவைச் செய்து வைத்தால்? 107 என்றால் 'ம', 112 என்றால் இகரக் கொம்பு, 111 என்றால் 'ழ', அரைப்புள்ளியின் எண்ணான 59 என்றால் மேற்புள்ளி. ஆக 106, 107, 112, 111, 59 என்று ஐந்து எண்கள், திரையில் 'தமிழ்'! கம்ப்யூட்டரோ தான் ஆங்கிலம் எழுதுவதாகவே நினைத்துக் கொண்டிருக்கிறது. நாம் அதற்குத் தமிழ் முகமூடி மாட்டிவிட்டோம். கோப்பு வேறு கம்ப்யூட்டருக்குப் போனதும், அங்கே முகமூடி இல்லாததால் உண்மை முகம் தெரிந்துவிடுகிறது.

இந்தத் தந்திரத்தை இழிவாக நினைக்காதீர்கள். அந்த நாளில் அது பெரிய சாதனை. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்தார், மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' தந்தார், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 'கணியன்' தந்தார். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் உலகுக்குக் கொடுத்தது. இவர்கள் இல்லாவிட்டால் இணையத்தில் தமிழ் இத்தனை விரைவில் ஏறியிருக்காது.

தொல்லை எங்கே வந்ததென்றால், ஒவ்வொருவர் அட்டவணையும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றில் 'த'வாக இருந்த எண் இன்னொன்றில் 'கூ'. ஒரு கடைக்காரர் ஓர் எழுத்துருவை விற்றால், பக்கத்துக் கடைக்காரர் வேறொன்றை விற்பார். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி இதைப் பேசியது. 'டேம்', 'டேப்' என்ற இரண்டு அட்டவணைகளையும், தமிழ் 99 விசைப்பலகையையும் தமிழக அரசு அந்த ஆண்டே ஏற்றுக்கொண்டது. ஆனால் வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் 'திஸ்கி' என்ற வேறோர் அட்டவணையில் எழுதிக் கொண்டிருந்தார்கள்.

நிலையான தீர்வு யூனிகோடு. உலகின் எழுத்துகள் அத்தனைக்கும் ஒரே அட்டவணை. அதன் முதல் பதிப்பு வந்த 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. யூனிகோடில் 'த' 2980, 'ம' 2990, 'ழ' 2996. இந்த எண்கள் வேறெந்த மொழிக்கும் கிடையா. தருமபுரியிலும் டொரொன்டோவிலும் யாழ்ப்பாணத்திலும் 2980 என்றால் 'த'தான். விண்டோஸ் 2000 என்னும் இயங்குதளத்திலிருந்து 'லதா' எழுத்துரு கூடவே வந்தது. நாமாக எதையும் நிறுவ வேண்டிய தேவையும் போயிற்று. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், தமிழக அரசு யூனிகோடையும், அச்சுப் பணி போன்றவற்றுக்காக 'டேஸ் 16' என்ற அட்டவணையையும் ஏற்று ஆணை பிறப்பித்தது.

ஆணை வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் நம் மின்னஞ்சலுக்கு வந்து கொண்டுதான் இருக்கின்றன. கை பழகிவிட்டது என்பார்கள். இது எனக்கு ஏற்கக்கூடிய சமாதானமாகத் தோன்றவில்லை. ஒருவர் கைப்பழக்கத்துக்காக நூறு பேர் பஸ் ஏற வேண்டுமா?

"பெறுகிறவர் அந்த எழுத்துருவை நிறுவிக் கொள்ளட்டுமே, அதில் என்ன கஷ்டம்?" என்று வாதிடுவோர் உண்டு. வீட்டில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் உள்ளவருக்குக் கஷ்டம் இல்லைதான். கைப்பேசியில் படிப்பவர் என்ன செய்வார்? கடைக் கம்ப்யூட்டரில் அரை மணி வாடகைக்கு உட்கார்ந்தவர் என்ன செய்வார்? அனுப்புகிறவர் ஒருவர், பெறுகிறவர் பலர். ஒருவர் ஐந்து நிமிடம் சிரமப்பட்டால் தீரும் காரியத்தை, நூறு பேர் தலையில் ஏற்றுவது எந்தக் கணக்கிலும் நியாயம் ஆகாது. அதிலும் அந்த ஒருவருக்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்கிறது, நூறு பேரில் பலருக்குத் தெரியாது.

"பி.டி.எஃப். ஆக்கி அனுப்பிவிட்டால் போயிற்று" என்பது இன்னொரு சமாதானம். இதில் பாதி உண்மை இருக்கிறது. பி.டி.எஃப். தன் வயிற்றுக்குள் எழுத்துருவையும் சுமந்து செல்ல முடியும். அதனால் பாமினியில் எழுதியதும் எல்லாத் திரையிலும் அழகாகத் தெரியும். ஆனால் அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். மறுபடி ஜே, கே, பி, ஓ! 'கல்வி' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. கண்ணை ஏமாற்றியாயிற்று, கம்ப்யூட்டரை ஏமாற்ற முடியவில்லை.

இது வெறும் அழகுப் பிரச்சினை என்று நினைத்து விடாதீர்கள். பார்வையற்ற மாணவர்கள் 'என்.வி.டி.ஏ.' போன்ற திரைவாசிப்பான்கள் மூலம் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறார்கள். திரையில் உள்ளதை அது குரலில் படித்துச் சொல்லும். யூனிகோடில் எழுதிய பாடத்தைத் தமிழாகப் படிக்கும். பாமினியில் எழுதிய பாடத்தை? 'ஜே, கே, பி, ஓ' என்று ஆங்கில எழுத்தாகவே கூட்டி உளறும். தாளை ஸ்கேன் செய்து படமாக அனுப்பிய பி.டி.எஃப். என்றால் மௌனம்தான். நமக்குத் திறக்கும் கோப்பு, பக்கத்து இருக்கை மாணவருக்குத் திறக்காத கோப்பாக இருக்கலாம். இதை எத்தனை பேர் யோசிக்கிறார்கள்?

ஆகவே அனுப்புகிறவர்கள் என்ன செய்ய வேண்டும்? தமிழை யூனிகோடில் எழுதட்டும். படிக்க மட்டும் என்றால் பி.டி.எஃப். போதும், அது 2008-இலேயே உலகத் தர அமைப்பின் ஏற்பைப் பெற்ற பொது முறை. நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டியதென்றால், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபிஸிலும் திறக்கும்படி சோதித்து அனுப்பட்டும். எந்த ஒரு நிறுவனத்தின் மென்பொருளையும் விலை கொடுத்து வாங்கினால்தான் அரசுப் படிவத்தைப் படிக்க முடியும் என்ற நிலை இருக்கலாகாது. மைய அரசே 2010 நவம்பரில் மின்னாளுகைக்குத் திறந்த தர நெறிகள் வேண்டும் என்று கொள்கை வெளியிட்டது. கொள்கைத் தாளில் இருப்பது மேசைக்கு வந்து சேருவதில்தான் தாமதம்.

பெறுகிறவர்களுக்கு, அதாவது உங்களுக்கு, கிறுக்கலைப் பார்த்து நோயைச் சொல்லப் பழகிக் கொள்ளுங்கள் என்பேன். சாதாரண ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் பாமினி வகை, என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் போட்டால் யூனிகோடாகிவிடும். (இடையில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றி அதையும் தமிழென்று நினைத்துக் குழப்பும், பார்த்துக் கொள்ளுங்கள்.) தலையில் கோடிட்ட ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் இருக்கும் 'ஆர்' குறியும் மாறி மாறி வந்தால் அது வேறு நோய். யூனிகோடில் 'த' போன்ற ஒவ்வோர் எழுத்தும் மூன்று பைட்டாகப் பயணம் செய்கிறது; 'த' என்றால் 224, 174, 164. அந்த மூன்றையும் ஓர் ஐரோப்பிய அட்டவணையில் தனித்தனியாகப் படித்தால் இந்த வேடிக்கை நடக்கும். தமிழ்ப் பெயர்ப் பட்டியலை எக்செலில் திறக்கும்போது அடிக்கடி காணலாம். திறக்கும்போது அட்டவணையாக 'யூ.டி.எஃப். 8' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெயர்கள் தெளிந்து வந்துவிடும். வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துருவே இல்லை என்று பொருள்.

இத்தனை சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கையும் சொல்லாவிட்டால் தவறு. சில கோப்புகள் திறக்காமல் இருப்பதே நல்லது. 2000 மே 4-ஆம் நாள் உலகமெங்கும் மின்னஞ்சல்களில் ஒரு காதல் கடிதம் வந்தது. பெயரின் கடைசியில் 'டி.எக்ஸ்.டி.' என்று தெரிந்தது. வெறும் எழுத்துக் கோப்பு என்று இலட்சக்கணக்கானோர் திறந்தார்கள். உண்மையில் அதற்குப் பின்னால் 'வி.பி.எஸ்.' என்று இன்னொரு வால் இருந்தது. தெரிந்த வால்களைக் காட்டாமல் மறைப்பது விண்டோஸின் வழக்கம். அந்த வழக்கமே திருடனுக்குத் திரையாகிவிட்டது. கோப்பு அல்ல, கட்டளைகள் அடங்கிய நிரல் அது. ஓடியவுடன் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தன்னையே அனுப்பிக் கொண்டது. இன்றைக்குக் காதல் கடிதம் போய், கல்யாணப் பத்திரிகை வருகிறது! கைப்பேசிக்கு வரும் 'பத்திரிகை'யின் வால் ஏ.பி.கே. என்றிருந்தால் அது பத்திரிகை அல்ல, கைப்பேசியில் குடியேற வந்த நிரல். தொடாதீர்கள். 'இந்தக் கோப்பைப் படிக்க இதை இயக்கு, அதை அனுமதி' என்று கெஞ்சும் கோப்புகளும் அதே ரகந்தான். விண்டோஸில் வால்களைக் காட்டும்படி அமைப்பை மாற்றி வைத்துவிடுங்கள். ஒரே ஒரு டிக் குறி. ஒரு நிமிட வேலை.

பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் எப்படி நடக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். எந்த மெனுவில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லித் தருகிறார்கள். அடுத்த பதிப்பில் பொத்தான் இடம் மாறியதும் படித்தது பாழ். கோப்பு என்பது எண்களின் வரிசை, அதைப் படிக்க அட்டவணை வேண்டும் என்ற ஒரே பாடத்தை எட்டாம் வகுப்பிலேயே சொல்லித் தந்தால், எந்தப் பதிப்பு வந்தாலும் மாணவர் தாமே வழி கண்டுபிடிப்பார். 2011 முதல் அரசு தந்த மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளுக்குப் போயின. கருவி போன அளவுக்கு இந்தப் பாடம் போகவில்லை என்பது என் வருத்தம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. 1990-களில் பழைய எழுத்துருக்களில் தட்டிச் சேமித்த ஊர் வரலாறுகள், ஆண்டு மலர்கள், நாடகங்கள் எத்தனையோ பேரிடம் குறுந்தகடுகளில் கிடக்கின்றன. எந்த எழுத்துரு என்று குறித்து வைக்கவில்லை. எழுத்துருவை விற்ற கடையே இன்று இல்லை. வட்டெழுத்தைப் படிக்க நமக்கு அறிஞர்கள் இருக்கிறார்கள். முப்பதாண்டு முந்தைய இந்தக் கோப்புகளைப் படிக்க இன்னும் முப்பதாண்டில் யார் இருப்பார்கள்? உங்கள் ஊரில் அப்படி ஏதாவது இருந்தால் கேட்டு வாங்கி, மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிச் சேமியுங்கள். மூல எழுத்துருவின் பெயரையும் கோப்பின் முதல் வரியில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, செய்து பார்க்க ஒரு சோதனை. இரண்டு மூன்று படங்கள் சேர்த்த வேர்டு கோப்பு ஒன்றை எடுங்கள், வால் டி.ஓ.சி.எக்ஸ். என்று இருக்க வேண்டும். மூலத்தைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, நகலின் வாலை ஜிப் என்று மாற்றுங்கள். கம்ப்யூட்டர் எச்சரிக்கும், பரவாயில்லை, சரி சொல்லுங்கள். இப்போது அதைத் திறந்தால் உள்ளே ஃபோல்டர்கள் தெரியும். 'வேர்டு' என்ற ஃபோல்டருக்குள் 'மீடியா' என்று ஒன்று இருக்கும். நீங்கள் சேர்த்த படங்கள் அத்தனையும் அங்கே தனித்தனியாக உட்கார்ந்திருப்பதைக் காண்பீர்கள். நகலை நோட்பேடில் திறந்து முதல் இரண்டு எழுத்துகள் என்ன என்றும் பாருங்கள்.